சுருள் ஓஸை மாடலில் அசைய வைப்பது எப்படி: அளவெடுப்பதிலிருந்து வெட்டு நீளம் வரை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிசைனராகச் சேர்ந்து இரண்டாம் வருஷம். பம்ப் பாடியின் வார்ப்புப் பிசிறைத் தேய்த்தெடுக்க ஒரு எஸ்.பி.எம். (அந்த ஒரு வேலைக்கென்றே செய்யும் தனி மெஷின்) வரைந்துகொண்டிருந்தேன். தேய்க்கும் தலை ஒரு தூணில் 800 மி.மீ. மேலும் கீழும் ஓடும். தூசியை உறிஞ்ச 100 மி.மீ. துளையுள்ள சுருள் ஓஸ் ஒன்று தலையிலிருந்து தொங்கி, யூ வடிவில் திரும்பி, பக்கத்துச் சட்டத்தில் இருக்கும் கிளாம்புக்கு ஏறும். கம்ப்யூட்டர் மாடலில் ஒரு ஸ்ப்லைன் (நெகிழ்ந்த வளைகோடு) போட்டு ஸ்வீப் அடித்தேன். தலையை மேலே இழுத்தால் ஓஸும் கூடவே வந்தது. தலை கீழே நிற்கும்போது நீளத்தை அளந்து, 1100 என்று பர்ச்சேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிரையல் அன்று தலை பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியதும் ஓஸ் கிளாம்ப் வாயிலேயே மடிந்தது. கிளிப் கழன்றது. ஷெட் முழுக்க இரும்புத் தூள். ஃபிட்டர் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்ப்யூட்டர்ல இழுத்தா ஓஸு கூடவே வருது கண்ணு. இங்க வரமாட்டீங்குது."

ஸ்வீப் என்பது கொடுத்த பாதையில் ஒரு வட்டத்தை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பாதை நீண்டால் ஓஸும் நீளும். நிஜ ஓஸுக்கு வெட்டிய நீளம் ஒன்றுதான். ஆகவே இந்த வேலையில் முதலில் பூட்ட வேண்டியது நீளம். வளையங்களும் சுருளும் கடைசியில் வரலாம், வராமலே போனாலும் பரவாயில்லை. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் அழகான நெளிவுகளைச் செதுக்கிவிட்டு, பிறகு அதை அசைக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

ஓஸைக் கையில் எடுங்கள்

மாடலைத் திறப்பதற்கு முன் ஒரு அடித் துண்டாவது வாங்கி மேசையில் வையுங்கள். முதலில் அது வளைய நெளிவா, சுருள் நெளிவா என்று பாருங்கள். ஒரு மேட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுற்றுங்கள். புறப்பட்ட இடத்துக்கே நகம் வந்து சேர்ந்தால் வளைய நெளிவு. ஒரு மேடு தள்ளிப் போய் நின்றால் சுருள். திருப்பூர் டையிங் யூனிட்டுகளில் ஸ்டீம் லைனுக்குப் போடும், மேலே கம்பி வலை பின்னிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஓஸ் பெரும்பாலும் வளைய நெளிவு. தூசி உறிஞ்சும் பி.யு. (பாலியூரித்தேன்) ஓஸில் உள்ளே கம்பி ஓடும், அது சுருள்.

அடுத்து இடைவெளி. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு வெர்னியர் வைத்து அளக்காதீர்கள், தவறிவிடும். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். கம்பி ஓஸை இழுத்துப் பிடிக்காமல், தானாகக் கிடக்கும் நிலையில் அளக்க வேண்டும். என் ஓஸில் இடைவெளி 12, மேட்டின் தடிமன் 6, மேடு உட்பட வெளி விட்டம் 110 மி.மீ.

பிறகு வளைவு ஆரம். கேட்லாகில் இரண்டு எண் இருந்தால், ஒன்று வளைத்து நிறுத்திவிடுவதற்கு, மற்றது ஓயாமல் அசைவதற்கு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். அது பெரிதாக இருக்கும். அந்த எண் ஓஸின் நடுக்கோட்டுக்கா, உள்பக்கத்துக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 110 விட்டத்தில் இந்தக் குழப்பம் 55 மி.மீ. பிழை.

கேட்லாக் கையில் இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு உதவும். ஓஸ் வளையும்போது உள்பக்கத்து மேடுகள் நெருங்கும், வெளிப்பக்கத்து மேடுகள் விலகும். மேட்டின் மையம் நடுக்கோட்டிலிருந்து 52 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நடுக்கோட்டு ஆரம் 200 என்றால் உள்பக்க இடைவெளி 12 × (1 − 52 ÷ 200), அதாவது சுமார் 8.9. வெளிப்பக்கம் 15.1. மேடு 6 தடிமன் என்பதால் உள்ளே இன்னும் 2.9 மி.மீ. சந்து இருக்கிறது. ஆரம் 104-க்கு இறங்கினால் இடைவெளி 6 ஆகி மேடும் மேடும் முட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே வளைத்தால் ஓஸ் மடியத்தான் செய்யும். இது வடிவக் கணக்கு மட்டுமே. அசையும் ஓஸை அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. நான் 200 எடுத்துக்கொண்டேன்.

நீளத்தைக் கணக்கில் பிடிப்பது

மேலும் கீழும் ஓடும் தலைக்கு, தொங்கும் யூ வளைவுதான் சரியான அமைப்பு. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி வேலை செய்யும்போது நின்று பாருங்கள்: மாஸ்டில், அதாவது அதன் தூணில், தலை ஏறி இறங்க, ஓஸ் தொங்கித் தொங்கி வடிவம் மாறுவது தெரியும். நம் மெஷின் அதன் சின்னத் தம்பி.

யூவின் ஒரு கால் அசையாத கிளாம்பில், மற்றது ஓடும் தலையில். அடியில் அரைவட்டம். அரைவட்டத்தின் நீளம் 3.14 × ஆரம், 200-க்கு 628. தலை ஏறினால் அதன் பக்கத்துக் கால் நீளும், கிளாம்ப் பக்கத்துக் கால் அதே அளவு குறையும். மொத்தம் மாறாது. தலை ஏறும் தூரத்தில் பாதிதான் ஒவ்வொரு காலிலும் கூடிக் குறைகிறது.

இதிலிருந்து வருவது: கிளாம்பை ஓட்டத்தின் நடு உயரத்தில் வைத்தால், குறைந்தபட்ச நீளம் = 628 + 800 ÷ 2 = 1028. கிளாம்பைக் கீழ் எல்லையில் வைத்தால் 628 + 800 = 1428. ஒரே மெஷின், ஒரே ஓஸ், கிளாம்பின் இடத்தை மாற்றியதில் 400 மி.மீ. வித்தியாசம்! நான் அன்று கிளாம்பைக் கீழே வைத்துவிட்டு 1100 நீளம் வாங்கியிருந்தேன். 1100-இல் 628 போக மிச்சம் 472. தலை அதற்கு மேல் ஏறினால் வளைவு இறுகத்தான் வேண்டும். கிளாம்ப் வாயில் மடிந்ததும் அதனால்தான்.

நெளிவு ஓஸ் கேட்லாகுகளில் இதே கணக்கை, கொஞ்சம் தாராளமாக, நீளம் = 4 × ஆரம் + ஓட்டம் ÷ 2 என்று கொடுப்பார்கள். கிளாம்பை நடு உயரத்துக்கு மாற்றிவிட்டால் நமக்கு 800 + 400 = 1200. 1028-ஐ விட 172 கூடுதல். எந்த எல்லையிலும் குட்டைக் காலில் 86 மி.மீ. நேராக நிற்க இடம் கிடைக்கிறது. ஓஸ் கிளிப்பை விட்டு வந்ததும் உடனே வளையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடம்.

தலை யூவின் கால்கள் விலகுகிற திசையில், பக்கவாட்டில் ஓடினால் சூத்திரம் வேறு: நீளம் = 4 × ஆரம் + 1.57 × ஓட்டம். அங்கே அரைவட்டமே பெரிதாகிக்கொண்டு போகிறது. 300 மி.மீ. பக்கவாட்டு ஓட்டத்துக்கு 800 + 471 = 1271. ஓட்டம் சின்னதுதான், ஆனால் 800 மி.மீ. செங்குத்து ஓட்டத்தை விட அதிக ஓஸைத் தின்கிறது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் செங்குத்துத் தொங்கலையே எடுங்கள்.

எலும்புக்கூடு

இப்போது மென்பொருள். எல்லா பார்ட்டும் சேர்ந்திருக்கும் அசெம்பிளியில் இரண்டு முனைகளை மட்டும் குறியுங்கள்: கிளாம்பின் வாய், தலையின் வாய். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, ஓஸ் வெளியேறும் திசையில் ஒரு அச்சுக்கோடு. இரண்டு அச்சும், தலை ஓடும் திசையும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஓஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முறுக்கிக்கொள்ளும். நெளிவு ஓஸ் வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. எஸ்.எஸ். ஓஸ் இந்த விஷயத்தில் ரொம்பவே கோபக்காரன். முறுக்கினால் நெளிவின் ஓரத்தில் வெடிப்பு விடும். மாடல் இந்தக் கோளாறைக் காட்டிக் கொடுக்காது. ஸ்வீப்புக்கு முறுக்கு வலிக்காதே.

ஸ்கெட்சை அந்தத் தளத்தில் தொடங்குங்கள். 3டி ஸ்கெட்ச் வேண்டாம். ஒரே தள அசைவுக்கு 3டி ஸ்கெட்ச் போட்டால் வளைவு தளத்தை விட்டு விலகி ஓடும், அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

நடுக்கோடு: இரண்டு வழி

தொங்கும் யூவுக்கு என் வழி கோடு, வில், கோடு. கிளாம்பிலிருந்து கீழே ஒரு கோடு, 200 ஆரத்தில் அரைவட்டம், தலைக்கு ஏறும் இன்னொரு கோடு. சேரும் இடங்களில் டேன்ஜெண்ட், அதாவது முறிவில்லாமல் தொட்டுச் சேர வேண்டும். கிளாம்புக்கு மேலே தலை எத்தனை உயரத்தில் இருக்கிறதோ அதை 'உயரம்' என்று ஒரு மாறியாக வையுங்கள். கிளாம்புக்குக் கீழே போனால் எதிர்மறை எண். அப்போது:

கிளாம்ப் பக்கக் கால் = (நீளம் − 628 − உயரம்) ÷ 2
தலைப் பக்கக் கால் = கிளாம்ப் பக்கக் கால் + உயரம்

ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்கள் நீளம், ஆரம், உயரம் மூன்றையும் ஸ்பிரெட்ஷீட்டில் எழுதி, செல்களுக்குப் பெயர் வைத்து, ஸ்கெட்சின் அளவுகளில் அந்தப் பெயர்களை எக்ஸ்பிரஷனாகக் கொடுத்தால் போதும். உயரம் ஒன்றை மாற்றினால் ஓஸ் முழுக்க இடம் மாறும். எண் போட்டுச் சரிபாருங்கள். உயரம் +400: கால்கள் 86, 486. உயரம் 0: இரண்டும் 286. உயரம் −400: 486, 86. இந்த ஆறு எண்ணும் வந்துவிட்டால் நீளம் பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் இன்னும் சுளுவான ஒரு வசதி உண்டு. டூல்ஸ் மெனுவில் டைமென்ஷன்ஸ், அதில் பாத் லெங்த். முனையோடு முனை தொட்டுக்கொண்டிருக்கும் கோடு, வில் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகத் தேர்ந்தெடுத்து மொத்த நீளம் 1200 என்று கொடுத்துவிடலாம். மற்றதை ஸ்கெட்சே சரிசெய்துகொள்ளும். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அண்ணன் முகத்தில் தூள் விழுந்திருக்காது.

முனைகள் ஒன்றுக்கொன்று சாய்வாக இருந்தாலோ, எஸ் வளைவு வேண்டுமென்றாலோ ஸ்ப்லைன்தான். அப்போது இடையில் ஒரு புள்ளிகூடப் போடாதீர்கள். இரண்டு முனை, இரண்டு டேன்ஜெண்ட் கைப்பிடி, அவ்வளவே. வளைவு சரியாக வரவில்லையென்று நடுவில் புள்ளி புள்ளியாகக் குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அசைக்கும்போது அந்த வளைவு புழு மாதிரி நெளியும். கைப்பிடிகள் இரண்டின் நீளத்தையும் சமமாகக் கட்டிவிட்டு, அந்த ஒரே எண்ணைக் கூட்டிக் குறைத்து மொத்த நீளத்தைப் பிடியுங்கள். ஃப்ரீகேட் ஸ்கெட்சில் பி-ஸ்ப்லைனின் நீளத்தைப் பூட்ட வழியில்லை என்பதால், அங்கே ஒவ்வொரு நிலைக்கும் இப்படிக் கையால் பிடித்து ஸ்பிரெட்ஷீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நிலை போதும், பத்து நிமிஷ வேலை.

ஸ்ப்லைனில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அரைவட்டம் போலத் தெரியும் ஸ்ப்லைன் அரைவட்டம் இல்லை. 200 ஆரத்துக்கு நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கொண்ட ஸ்ப்லைனில் கைப்பிடியை ஆரத்தின் 4/3 பங்கு, அதாவது 267 என்று வைத்தால், கண்ணுக்குக் கச்சிதமான வட்டம் கிடைக்கும். நீளமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் வளைவைப் புள்ளிக்குப் புள்ளி கணக்கிட்டால், முனையில் ஆரம் 267, நடுவில் 225, இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் 178. 200-க்குக் கீழே போகக் கூடாது என்று நாமே போட்ட விதியை மாடல் சத்தமில்லாமல் மீறியிருக்கிறது. ஆகவே ஸ்ப்லைன் போட்டால் கர்வேச்சர் கோம்பைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். வளைவின் மேல் சீப்புப் பற்கள் போல நிற்கும் கோடுகளில் எது மிக நீளமோ, அங்கேதான் ஆரம் மிகக் குறைவு. மிகக் குறைந்த ஆரத்தை எண்ணாகவே காட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

அசைக்கும்போது

ஓஸை அசெம்பிளிக்குள்ளேயே, முனைப் புள்ளிகளைப் பிடித்து வரைந்திருந்தால், தலை நகர்ந்ததும் ஓஸ் பின்தொடரும். மவுஸில் இழுக்கும்போதே பின்தொடராது. விட்டபிறகு ரீபில்ட் அடித்தால் (மாடலைப் புதுப்பித்தால்) வந்து சேரும். இதை ஏதோ கோளாறு என்று நினைத்து, பார்ட்டுகளை ஒன்றோடொன்று கட்டும் 'மேட்' இணைப்புகளை எல்லாம் அழித்தவர்கள் உண்டு.

கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரே இழுப்பில் 800 தாண்டினால் ஸ்கெட்ச் வேறு விடையைப் பிடித்துக்கொண்டு, அரைவட்டம் மேல்பக்கம் கவிழ்ந்துவிடும், யூ தொப்பியாகிவிடும். கணக்கின்படி அதுவும் சரியான விடைதான். இதைத் தடுக்க, வில்லின் மையத்துக்கும் கிளாம்புக்கும் இடையே ஒரு செங்குத்து அளவு கொடுத்து, அதைக் கால் நீளத்தோடு சமன்பாட்டில் கட்டிவிடுங்கள்.

தலையை வேண்டுமென்றே எல்லைக்கு மேல் இழுத்தும் பாருங்கள். ஓஸ் எட்டாத இடத்தில் ஸ்கெட்ச் சிவப்பு காட்ட வேண்டும். காட்டினால் சந்தோஷப்படுங்கள், பூட்டு வேலை செய்கிறது. எவ்வளவு இழுத்தாலும் சிவப்பே வரவில்லையென்றால் எங்கோ நீளம் அவிழ்ந்து கிடக்கிறது.

ஒரே ஓஸ் ஒரே மெஷினில் இரண்டு மூன்று இடத்தில், வேறு வேறு வளைவில் வருகிறது என்றால், சாலிட்வொர்க்ஸ் 2020-இல் வந்த மேக் பார்ட் ஃப்ளெக்சிபிள் வசதி அதற்கென்றே உள்ளது. பார்ட் ஒன்றுதான், பார்ட் எண் ஒன்றுதான், ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த முனையைப் பிடித்துக்கொண்டு வளையும். பி.ஓ.எம். என்ற பொருள் பட்டியலில் ஒரே வரியில் மூன்று எண்ணிக்கை என்று வரும். ஓஸை மூன்று பெயரில் மூன்று பார்ட்டாகச் சேமித்தால் பர்ச்சேஸ்காரர் மூன்று வெவ்வேறு ஓஸ் என்றே வாங்கி வைப்பார்.

இத்தனையும் இரண்டு முனையும் பிடிக்கப்பட்ட ஓஸுக்கு. பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களுக்கு மேலே ஓடும் ஓவர்ஹெட் கிளீனரின் உறிஞ்சு ஓஸ் போல ஒரு முனை சும்மா தொங்கினால், இந்தப் பூட்டு எதுவும் வேண்டாம். நேராகத் தொங்கவிட்டு, ஆடும் அளவுக்குச் சுற்றிலும் ஒரு காலி இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்.

நெளிவுகளைப் போடுவது

நெளிவு வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டல் பார்க்கவும் நீளம் எடுக்கவும் 110 விட்டத்தில் வழவழப்பான குழாய் போதும். விட்டத்தை மேட்டின் உச்சியில் எடுக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. நான் தினசரி வேலைக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பும் நாளன்று மட்டும் நெளிவு உள்ள கான்ஃபிகரேஷனுக்கு (அதே பார்ட்டின் மாற்று வடிவத்துக்கு) மாற்றுவேன்.

சுருள் நெளிவுக்கு ஒரு நல்ல தந்திரம்: நடுக்கோட்டின் தொடக்கத்தில், கோட்டிலிருந்து 52 தள்ளி 6 விட்டத்தில் ஒரு சின்ன வட்டம் வரையுங்கள். நடுக்கோட்டையே பாதையாகக் கொடுத்து ஸ்வீப் அடிக்கும்போது ட்விஸ்ட் அளவாக 100 சுற்று என்று கொடுங்கள். 1200-ஐ 12-ஆல் வகுத்தால் 100. சின்ன வட்டம் நடுக்கோட்டைச் சுற்றிச் சுற்றிக் கம்பியாக ஓடும். தலை நகரும்போது பாதை வளையும், சுற்று எண்ணிக்கை அப்படியே நிற்கும். உள்பக்கம் நெருங்குவதும் வெளிப்பக்கம் விரிவதும் தானாகவே நடக்கும். முன்பு கையால் போட்ட 8.9, 15.1 கணக்கைத் திரையிலேயே அளந்து பார்க்கலாம். ஃப்ரீகேட் ஸ்வீப்பில் இப்படிச் சுற்று கொடுக்கும் வசதி நேரடியாக இல்லை; அங்கே வளையம் போடுங்கள், தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

வளைய நெளிவுக்கு ஒரு வளையத்தை வரைந்து நடுக்கோட்டின் மேல் பேட்டர்ன் செய்யுங்கள். சாலிட்வொர்க்ஸில் கர்வ் டிரிவன் பேட்டர்ன், ஃப்ரீகேட்டில் டிராஃப்ட் ஒர்க்பெஞ்சின் பாத் அரே. வளையம் பாதைக்குச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும் என்ற தேர்வை மறந்தால், 100 தட்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். எண்ணிக்கையைப் பூட்டுங்கள், இடைவெளியைப் பூட்டாதீர்கள். நிஜ ஓஸில் வளைவதற்காக மேடு கூடுவதோ குறைவதோ இல்லை.

ஒவ்வொரு மேட்டையும் தனிப் பார்ட்டாக்கி, பால் ஜாயிண்ட் போட்டு 100 துண்டைக் கோக்கும் வழியும் உண்டு. ஒருமுறை செய்தேன். கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் பக்கத்து லேத்தைத் தோற்கடித்தது.

முட்டல், பிறகு தாள்

மூன்று நிலையில் பாருங்கள்: மேல் எல்லை, நடு, கீழ் எல்லை. தொங்கும் யூவின் அடி எங்கே போகிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தலை கீழ் எல்லையில் இருக்கும்போது கிளாம்ப் பக்கக் கால் 486, அதன் கீழ் ஆரம் 200, ஓஸின் பாதி விட்டம் 55: கிளாம்பிலிருந்து 741 கீழே ஓஸின் அடி தொடும். மேல் எல்லையில் இதுவே 341. கிளாம்ப் தரையிலிருந்து 700-இல் இருந்தால் ஓஸ் தரையைத் துடைத்துக்கொண்டுதான் ஓடும். பக்கத்து மூடிகளுக்கும் ஓஸுக்கும் நடுவே நான் 25 மி.மீ. விடுவேன், உறிஞ்சும் ஓஸ் மோட்டார் ஓடும்போது துடிக்கும்.

டிராயிங்கில் மாடல் நீளத்தை அப்படியே எழுதாதீர்கள். 1200 என்பது கிளிப்புக்குக் கிளிப் தெரியும் நீளம். இரண்டு பக்கமும் குழாய் வாயின் மேல் ஏறும் 50, 50 சேர்த்து வெட்டு நீளம் 1300. கிளாம்பின் உயரம், வளைவு ஆரம் 200-க்குக் குறையக் கூடாது என்ற குறிப்பு, மூன்று நிலைகளையும் மெல்லிய கோட்டில் காட்டும் ஒரு படம், இவை தாளில் இருக்கட்டும். கிளாம்பை ஃபிட்டர் தன் வசதிக்கு 100 மி.மீ. இறக்கி வைத்தால் குட்டைக் கால் 86-லிருந்து 36 ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா?

மாட்டும் நாளில் நீங்களும் கீழே போய் நில்லுங்கள். ஓஸ் நேராகக் கிடக்கும்போதே அதன் முதுகில் சாக்பீஸால் ஒரு நெடுங்கோடு இழுங்கள். மாட்டிய பிறகு தலையை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டச் சொல்லுங்கள். கோடு ஓஸோடு வளைந்து அதே பக்கத்தில் நின்றால் சரி. ஓஸைச் சுற்றிக்கொண்டு ஏறினால் முறுக்கு இருக்கிறது: ஒரு கிளிப்பைத் தளர்த்தி, ஓஸ் தானாகத் திரும்பி நின்றபின் மறுபடி இறுக்குங்கள். எங்கள் அண்ணன் இப்போது நான் சொல்லாமலே சாக்பீஸை எடுத்துவிடுகிறார். கோட்டை இழுத்துவிட்டு, "எத்தன நீளம் போட்டிருக்கற கண்ணு?" என்று தாளைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்க்கிறார்.